வீட்டுத் தோட்டத்திற்கு எந்த மலர்? சங்குப்பூவும் குண்டுமல்லியும்

மலர் வளர்க்கப் பெரிய நிலம் வேண்டியதில்லை. கிணற்றடியில் நாலு முழ இடமும், காலையில் கால் மணி நேர உழைப்பும், சற்றே பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் இடம் சிறிதாக இருக்கும்போதுதான் தேர்வு கடினமாகிறது. திருக்கனூரிலும் அதைச் சூழ்ந்த மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் சிற்றூர்களிலும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கொல்லையை எண்ணிப் பாருங்கள். ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை, துணி உலர்த்த ஒரு கொடிக்கயிறு. இவை போக எஞ்சுவது ஒரு மூலைதான். அந்த மூலையில் எதை நடுவது என்பது அற்பமான கேள்வியன்று. தவறான செடியை நட்டால் பணமும் தண்ணீரும் ஓராண்டும் வீணாகும். சரியான செடியை நட்டால் பிள்ளைகள் வளரும் காலமெல்லாம் அது உடன் வளரும்.

இக்காலத்தில் கைப்பேசித் திரையில் உலகத்துத் தோட்டங்கள் எல்லாம் நம் கண்முன் வந்து நிற்கின்றன. அவற்றுள் நம் இல்லத்தரசியரின் உள்ளத்தை மிகக் கவரும் மலர்கள் இரண்டு. ஒன்று, ஸ்வீட்பீ என அழைக்கப்படும் மணப்பட்டாணிக் கொடி. மற்றொன்று, தாமரையும் ரோஜாவும் கலந்தாற்போல் இதழடுக்கி மலரும் பியோனி. இவற்றின் விதைகளும் கிழங்குகளும் அஞ்சல் வழியாக விற்கப்படுகின்றன. வாங்கலாமா என்று கேட்போருக்கு விடை சொல்லுமுன், அவ்விரு மலர்களின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. அவற்றின் இயல்பை அறிந்தால், நம் மண்ணில் அவற்றுக்கு ஒப்பானவை எவை என்பதும் தாமே விளங்கும்.

குளிர்நாட்டு மலர்கள் இரண்டு

மணப்பட்டாணியின் தாயகம் இத்தாலியின் தென்முனையிலுள்ள சிசிலித் தீவு. அங்கு வாழ்ந்த பிரான்செஸ்கோ குப்பானி என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி, செடிகொடிகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர். அவர் 1699இல் இக்கொடியின் விதைகளை இங்கிலாந்தின் என்ஃபீல்டு நகரில் பள்ளியாசிரியராக இருந்த ராபர்ட் உவெடேல் என்பவருக்கு அனுப்பிவைத்தார். அன்று அது சிறிய பூ. ஊதாவும் கருஞ்சிவப்பும் கலந்த இரு நிறம். ஆனால் மணமோ அபாரம். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹென்றி எக்ஃபோர்டு என்னும் தோட்டக்காரர் பொறுமையோடு கலப்பு செய்து, பெரிய பூக்களையும் பற்பல நிறங்களையும் உண்டாக்கினார். இன்று உலகெங்கும் விற்கப்படும் மணப்பட்டாணி வகைகளுக்கு மூலம் அத்துறவியின் ஒரு கைப்பிடி விதையே.

இது ஓராண்டுக் கொடி. விதைத்த மூன்று, நான்கு மாதங்களில் பூத்து, காய்த்து, மடிந்துவிடும். பறிக்கப் பறிக்கப் பூக்கும். பறிக்காமல் காய் பிடிக்க விட்டால் பூப்பதை நிறுத்திக்கொள்ளும். பெயரில் பட்டாணி இருப்பினும் இதன் விதை உண்ணத்தக்கதன்று, நச்சுத்தன்மை உடையது. உண்ணும் பட்டாணி வேறு. அகுஸ்தீன் சபைத் துறவியான மெண்டல் மரபு வழியின் விதிகளைக் கண்டு 1866இல் வெளியிட உதவியது அந்த உண்ணும் பட்டாணியே.

பியோனியின் வழி இதற்கு நேர் எதிரானது. அது அவசரம் அறியாதது. மண்ணுக்குள் கிழங்கு போன்ற தடித்த வேரை வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் இலை தண்டெல்லாம் கருகி உறங்கி, வசந்தத்தில் மீண்டும் முளைக்கும். நட்ட முதலாண்டில் பெரும்பாலும் பூக்காது. இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். விதையிலிருந்து வளர்த்தாலோ இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒருமுறை வேரூன்றிவிட்டால் 50 ஆண்டுகளுக்கு மேலும் அதே இடத்தில் பூக்கும்; பாட்டி நட்டதைப் பேத்தி பறிப்பாள். ஜெர்மானியர் இதனைப் பெந்தகோஸ்து ரோஜா என்றே அழைக்கின்றனர். தூய ஆவியார் பெருவிழாவை ஒட்டி அது மலர்வதே காரணம். முள்ளில்லாத ரோஜா என்று இதனை அன்னை மரியாவுக்கு அடையாளமாக்கி ஓவியர்கள் தீட்டியதும் உண்டு. 1473இல் மார்ட்டின் ஷோன்கவர் வரைந்து, இன்றும் பிரான்சின் கோல்மார் நகரில் இருக்கும் அன்னையின் ஓவியத்தில் ரோஜாக்களினிடையே பியோனியும் மலர்ந்திருக்கக் காணலாம்.

திருக்கனூரில் இவை வளருமா?

நேர்மையான விடை: வளரா. காரணம் மண் அன்று, காற்றின் வெம்மை.

பியோனியின் வேரிலுள்ள குருத்துகள் பூக்க வேண்டுமானால், பல வாரங்கள் தொடர்ந்து 5 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்குக் கீழோ குளிர் வேண்டும். அக்குளிரே அதன் உறக்கத்தைக் கலைக்கும் மணியோசை. புதுச்சேரிப் பகுதியில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை சாதாரணமாக 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. இந்தியாவில் பியோனியைக் காண விரும்புவோர் காஷ்மீரம், இமாசலம், உத்தராகண்டம் ஆகிய இமயச் சாரல்களுக்குச் செல்ல வேண்டும். அங்கு வெண்ணிறப் பியோனி இனமொன்று காட்டில் தானே வளர்கிறது. பனிப்பெட்டியில் கிழங்கை வைத்து எடுத்து நடுவோரும் உண்டு. எனினும் அடுத்துவரும் கத்தரி வெயிலை அச்செடி தாங்காது.

மணப்பட்டாணி அத்துணைப் பிடிவாதமுடையதன்று. வட இந்தியச் சமவெளியில் குளிர்காலப் பூவாக அதனை வளர்க்கின்றனர். நம் பக்கத்தில் உதகை, கோடைக்கானல் போன்ற மலையூர்களில் அது செழிக்கும். ஆனால் வெயில் ஏறியதும் கொடி வாடி, மொட்டுகள் உதிர்ந்துவிடும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையில் விதை அழுகும் அச்சம். மழை விட்டபின் விதைத்தாலோ, பூக்கும் வேளையில் மாசி வெயில் வந்துவிடும். தப்பிப் பிழைத்துப் பூக்கும் ஓரிரு பூக்களுக்காக ஒரு மூலை நிலத்தை ஒதுக்குவது சிறு கொல்லைக்குக் கட்டாது.

அயல்நாட்டுச் செடியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. புதுச்சேரியில் 1826இல் பிரெஞ்சு ஆட்சியினர் அமைத்த தாவரவியல் பூங்காவில், பெரோத்தே என்னும் அறிஞர் பற்பல நாட்டுச் செடிகளைக் கொணர்ந்து வளர்த்துப் பார்த்தார். அவர் செய்தது போலச் செடியின் இயல்பையும் மண்ணின் இயல்பையும் பொருத்திப் பார்த்தே நட வேண்டும் என்பதுதான் நம் கருத்து.

பொருத்திப் பார்ப்போம். மணப்பட்டாணியிடம் நாம் விரும்புவது என்ன? விரைவில் படர்ந்து பூக்கும் பட்டாணிக் குடும்பக் கொடி. அதே குடும்பத்தில் நம் வேலியோரத்தில் நிற்கிறது சங்குப்பூ. பியோனியிடம் விரும்புவது என்ன? அடுக்கிதழ், மணம், பல்லாண்டு வாழ்வு. இம்மூன்றும் கொண்டு நம் கிணற்றடியில் காத்திருக்கிறது குண்டுமல்லி. ஆகவே நம் வாசகர்க்கு உரிய கேள்வி இதுதான்: சங்குப்பூவா, குண்டுமல்லியா?

சங்குப்பூ: இவ்வாண்டின் மலர்

காக்கணம், காக்கட்டான் என்றெல்லாம் ஊருக்கு ஊர் பெயர் மாறும் இக்கொடி தமிழருக்குப் புதிதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களில் கருவிளையும் செருவிளையும் உண்டு. நீலச் சங்குப்பூவே கருவிளை, வெண்சங்குப்பூவே செருவிளை. இன்று அடுக்கிதழ் வகைகளும் கிடைக்கின்றன.

இதனை வளர்ப்பது எளிது. முற்றிக் காய்ந்த காயிலிருந்து எடுத்த விதையின் தோல் கடினமானது. ஆகையால் விதையைச் சொரசொரப்பான தரையில் இலேசாகத் தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்துவிடும். ஓரடி இடைவெளியில் இரண்டு மூன்று செடிகள் போதும். நாள் முழுதும் வெயில் படும் வேலியோ, கம்பிவலையோ, நாலு கழி நட்டுக் கட்டிய கயிற்றுப் பந்தலோ இருந்தால் அதுவே தாவிப் படரும். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் இரண்டு மாதத்திற்குள் முதற்பூவைக் காணலாம். உரம் மிகுதியாகத் தேவையில்லை. இதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. பழைய கொடியை வெட்டி மண்ணில் புதைத்தால் அடுத்த செடிக்கு அதுவே நல்லுரம். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே முக்கியம்.

மணப்பட்டாணிக்குரிய இன்மணம் சங்குப்பூவுக்கு இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பூவும் ஒரு நாளுக்கு மேல் நில்லாது. கூந்தலில் சூடுவதற்கும் உதவாது. ஆனால் பிள்ளைகளுள்ள வீட்டில் அது ஒரு சிறு ஆய்வுக்கூடம். நாலைந்து நீலப்பூக்களை வெந்நீரில் இட்டால் நீர் ஆழ்ந்த நீலமாகும்; அதில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் கண்ணெதிரே ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். புளிப்பின் தன்மையைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட மலிவான கருவி இல்லை. மலேசியாவின் கிளந்தான் பகுதியில் சோற்றுக்கு நீல நிறமூட்டவும், தாய்லாந்தில் பானத்திற்கும் இப்பூவைப் பயன்படுத்துகின்றனர். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: இதன் விதையும் வேரும் பேதியுண்டாக்கும். சிறுவர் விதையை வாயிலிடாமல் காக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பானமாக அருந்தலாகாது.

குண்டுமல்லி: பத்தாண்டின் மலர்

குண்டுமல்லியை விதையால் வளர்ப்பதில்லை. வேர்விட்ட போத்தோ பதியன் கன்றோ வாங்கி நட வேண்டும். அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெற்ற கன்று மிக நல்லது. அச்செடி நம் மண்ணில் பிழைத்ததற்கு அவர் கொல்லையே சான்று. ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் குழி தோண்டி, பத்து கிலோ அளவு மட்கிய தொழுவுரமும் செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, ஆனி முதல் ஐப்பசி வரை நடலாம். செடிக்குச் செடி நாலடி இடைவெளி வேண்டும். களிமண் கொல்லையாயின் மேடாக்கி நடுவது இன்றியமையாதது. கார்த்திகை மழையில் இரண்டு நாள் நீர் தேங்கினாலும் வேர் அழுகத் தொடங்கும். உப்பு நீரும் அதற்கு ஆகாது.

தரையில் இடமில்லாதோர் அகன்ற தொட்டியில் வளர்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் தொழிலின் பெருமையை நம் பகுதியினர் அறிவர். மண்தொட்டி வேருக்குக் காற்றோட்டம் தரும். வெயிலில் சூடேறும் பிளாஸ்டிக் தொட்டியை விட அதுவே மல்லிகைக்கு உகந்தது.

நட்ட ஆறு மாதத்தில் சில பூக்கள் தோன்றும். அவற்றைக் கண்டு மயங்க வேண்டாம். மூன்றாம் ஆண்டிலேதான் செடி தன் முழுத் திறனைக் காட்டும். அதன்பின் 12 முதல் 15 ஆண்டுகள் வரை பலன் தரும். முறைப்படி பேணப்படும் வயல்களில் ஒரு செடி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அரும்பு தருகிறது. வீட்டுச் செடி அவ்வளவு தராவிட்டாலும், மூன்று செடிகள் இருந்தால் பங்குனி முதல் ஆனி வரை அன்றாடம் வீட்டுப் பெண்களுக்குச் சூடவும், இல்லத்துத் திருவுருவின் முன் ஒரு சரம் வைக்கவும் குறையிராது. உயிர்ப்புப் பெருவிழாக் காலமும், அதையடுத்து வில்லியனூர் லூர்து அன்னையின் ஆண்டு விழாவும் மல்லிகை பொங்கிப் பூக்கும் பருவத்திலேயே வருகின்றன.

இச்செடி கேட்கும் பணி மூன்று. முதலாவது, கவாத்து. நவம்பர் மாதக் கடைசியில் மழை ஓய்ந்த நாளொன்றில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திற்கு மேலுள்ள கிளைகளை எல்லாம் வெட்டிவிட வேண்டும். பச்சைச் செடியை வெட்ட மனம் வராமல் விட்டுவிடுவோரே பலர். அத்தகைய செடி தழைத்து நிற்குமேயன்றிப் பூக்காது. மல்லிகை புதுத் தளிரின் நுனியிலேதான் அரும்பும். வெட்டிய பின் தொழுவுரமிட்டு நீர் பாய்ச்சினால் மாசியில் தளிரும் பங்குனியில் அரும்பும் காணலாம்.

இரண்டாவது, கண்காணிப்பு. இலை நரம்பு பச்சையாயிருக்க நடுப்பகுதி வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாதமொருமுறை இலையில் தெளித்தால் தேறும். மொட்டு ஊதா நிறமேறித் துளைபட்டிருந்தால் மொட்டுப்புழுவின் வேலை. அம்மொட்டுகளைக் கிள்ளி அழித்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மூன்றாவது, அதிகாலைப் பறிப்பு. அன்று மாலை மலரவேண்டிய முற்றிய அரும்பைக் கதிரவன் எழுமுன் பறித்தால் மணம் கெடாது.

இக்குண்டுமல்லிக்கு உலகெங்கும் உறவுண்டு. பிலிப்பைன்ஸ் நாடு 1934இல் இதனைத் தன் தேசிய மலராக அறிவித்தது. கத்தோலிக்கர் நிறைந்த அந்நாட்டில் ஆலய வாயில்களில் இம்மலர்ச் சரங்களை விற்பதும், திருவுருவங்களுக்கு அணிவிப்பதும் நம் ஊர் வழக்கத்தையே நினைவூட்டும். நம் மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

இரண்டையும் அருகருகே வைத்தால்

காலத்தைக் கருதினால் சங்குப்பூ இரண்டு மாதத்தில் பலன் தரும். குண்டுமல்லி இரண்டாண்டு காக்கவைக்கும். செலவைக் கருதினால் சங்குப்பூவுக்கு ஒரு காயிலுள்ள விதை போதும். மல்லிகைக்குக் கன்றும் உரமும் ஆண்டுதோறும் கவனிப்பும் வேண்டும். பயனைக் கருதினால், பூக்காரியிடம் முழக் கணக்கில் வாங்கும் செலவை மல்லிகை குறைக்கும். சங்குப்பூவோ வெற்று வேலியைப் பசுஞ்சுவராக்கி, மண்ணையும் வளப்படுத்தும்.

ஆனால் குடும்பத் தலைவியர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மல்லிகையின் விலை கடையில் விண்ணைத் தொடுவது மார்கழி, தை மாதங்களில். அப்போதுதான் நம் வீட்டுச் செடியும் கவாத்துக்குப் பின் மொட்டையாய் நிற்கும். ஆகவே, வீட்டில் செடியிருந்தால் தை முகூர்த்தத்திற்குப் பூ வாங்க வேண்டாம் என்று கணக்கிடுவோர் ஏமாறுவர். வீட்டு மல்லிகை சேமித்துத் தருவது கோடை மாதங்களின் செலவையே. அதே வேளையில், ஆடியில் விதைத்த சங்குப்பூ புரட்டாசி தொடங்கித் தை வரையிலும் வேலியில் பூத்துக்கொண்டிருக்கும். ஒன்று ஓயும் பருவத்தில் மற்றொன்று விழித்திருக்கிறது.

எவருக்கு எது?

வாடகை வீட்டில் இருப்போர், அடுத்த ஆண்டு எங்கிருப்போம் என்பதை அறியாதோர், பிள்ளைகளுக்கு விதை முளைப்பதைக் காட்ட விரும்புவோர் ஆகியோர்க்குச் சங்குப்பூவே ஏற்றது. வீடு மாறும்போது ஒரு பொட்டலம் விதை மட்டும் உடன் சென்றால் போதும். குனிந்து வேலை செய்ய இயலாத முதியோர்க்கும் அதுவே நன்று. நின்றபடியே வேலியில் பறிக்கலாம்.

சொந்த மனையில் நிலைத்திருப்போர், வீட்டில் வளரும் பெண்பிள்ளைகள் உள்ளோர், நாள்தோறும் அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைக் கொல்லைக்குத் திருப்ப முடிந்தோர் ஆகியோர் இவ்வாண்டே குண்டுமல்லிக் கன்றை நட வேண்டும். மூன்றாண்டு கழித்து நடலாம் என்று ஒத்திவைத்தால், பூவும் மூன்றாண்டு ஒத்திப்போகும் என்பதை மறவாதீர்.

இடமிருப்போர்க்கு நம் பரிந்துரை இரண்டையும் நடுவதே. வேலியில் சங்குப்பூ, அதன் நிழல் படாத கிழக்கு மூலையில் மல்லிகை. காத்திருக்கும் முதலிரண்டு ஆண்டுகளிலும் சங்குப்பூ கண்ணுக்கு விருந்தளிக்கும். அக்கொடியை ஆண்டுதோறும் வெட்டி மல்லிகையின் அடியில் இட்டால் தழையுரமாகும். விரைந்து பூப்பது காத்திருப்பதற்குத் துணைநிற்கும் காட்சி, குடும்ப வாழ்வுக்கும் ஒரு நல்ல பாடம்தான்.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் முன்னோர் வழக்கம். இவ்வாண்டு ஆடி பிறக்குமுன் வேலியோரத்தில் ஒரு சாண் மண்ணைக் கிளறி வையுங்கள். முற்றிய சங்குக்காய் எவர் வீட்டு வேலியில் தொங்குகிறது என்று பார்த்துக் கேட்டு வாங்குங்கள். அவ்வழியே, மல்லிகைப் பதியன் ஒன்று போட்டுத் தரும்படியும் சொல்லிவையுங்கள். விலை கொடுத்து வாங்கும் விதையைவிட, கேட்டுப் பெற்ற விதைக்கு ஒரு நன்மை கூடுதல்: பூத்ததும் பகிர்ந்துகொள்ள அடுத்த வீட்டில் ஒருவர் இருப்பார்.